பொருள்: என்கிளேவ், எக்ஸ்கிளேவ்: ஒரு சொல்லா, இரு சொல்லா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் மைய ஆசிய நாடுகள் தம்முள் கொண்ட உறவைப் பற்றிய பாடக்குறிப்பு இவ்வெள்ளியன்று புதுச்சேரியில் அச்சுக்குப் போகிறது. பிற நாடொன்றால் முழுதும் சூழப்பட்ட நிலமாகிய 'என்கிளேவ்', உரிய நாட்டிலிருந்து துண்டுபட்டுக் கிடக்கும் நிலமாகிய 'எக்ஸ்கிளேவ்' இரண்டுக்கும் 'சூழ்நிலம்' என்ற ஒரு சொல்லே போதும் என்று கடலூர் ஐயா எழுதியிருந்தார். போதாது என்பதே என் கருத்து.

பெர்கானா பள்ளத்தாக்கின் சோக் பகுதியை எடுத்துக்கொள்வோம். அது உஸ்பெகிஸ்தானுக்கு உரியது, நாற்புறமும் கிர்கிஸ்தான், வாழ்பவர்களோ பெரும்பாலும் தாஜிக் மொழியினர். ஒன்றியம் இருந்தவரை வெறும் நிர்வாகக் கோடாகக் கிடந்த எல்லை, விடுதலைக்குப்பின் காவற்சாவடி ஆயிற்று. வழி கேட்க வேண்டியது உஸ்பெகிஸ்தான், வழி விட வேண்டியது கிர்கிஸ்தான். ஆற்றுநீரிலும் உஸ்பெகிஸ்தானே கேட்கும் இடத்தில் நிற்கிறது. தொக்தோகுல் நீர்த்தேக்கத்தைக் கையில் வைத்திருக்கும் கிர்கிஸ்தான், கோடையில் பருத்திக்கு நீர் விட்டதற்கு ஈடாக முன்பு பெற்றுவந்த எரிவாயுவும் நிலக்கரியும் விலைப்பொருளாகிவிட்டதால், குளிர்காலத்தில் மின்சாரத்துக்காக அணையைத் திறக்கத் தொடங்கியது. யார் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைச் சொல்லாத கலைச்சொல் இந்தப் பாடத்துக்கு உதவாது.

'கடல்சூழ் உலகு' என்னும்போது சூழ்வது கடல். ஆகவே 'சூழ்நிலம்' கிர்கிஸ்தானைக் குறித்துவிடும் என்றேன். குடிநீர் தானாகக் குடிப்பதில்லை, குடிக்கப்படுகிறது; வினைத்தொகை செயப்படுபொருளையும் தழுவும் என்று ஐயா விடையளித்தார். இலக்கணம் அவர் பக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதினாறு வயது மாணவர் அதைச் சூழ்நிலை என்றே படிப்பார்.

மாற்றாக எண்ணக்கூடிய சொற்களில் 'பிரிநிலம்' முக்காலமும் காட்டும் வினைத்தொகை ஆதலால் பிரியப்போகும் நிலம் என்றும் பொருள்படும். அண்மையில் விடுதலை பெற்ற நாடுகளைப் பற்றிய பாடத்தில் அது பிரிவினை ஆகிவிடும். 'ஒட்டாநிலம்' செவிக்கு இனிது. எனினும் 'ஒட்டார்சொல் ஒல்லை உணரப் படும்' என்ற குறளில் ஒட்டார் பகைவர்; அயல்நாட்டு உறவைப் பேசுமிடத்தில் பகையைச் சொல்லுக்குள்ளேயே வைப்பது சரியன்று. ஆற்றிடைக்குறையைக் குறித்த 'துருத்தி'க்காக நண்பரொருவர் மூன்று நீண்ட மடல்கள் எழுதினார். மூன்றையும் விரும்பிப் படித்தேன். இன்று துருத்தி என்றால் கொல்லன் உலைதான் நினைவுக்கு வரும்.

கொள்ளிடக் கரையில் நீர் சூழ்ந்த நிலத்தை மக்கள் இன்றும் 'திட்டு' என்கிறார்கள். சூழும் நாட்டின் பார்வைக்கு 'அகத்திட்டு', உரிய நாட்டின் பார்வைக்குப் 'புறத்திட்டு' என்பது என் முன்மொழிவு. அர்மீனியா, ஈரான், துருக்கி மூன்றையும் எல்லையாகக் கொண்ட நக்சிவான் எந்த ஒரு நாட்டுக்கும் அகத்திட்டு அன்று, அசர்பைஜானுக்குப் புறத்திட்டு. ஒருபுறம் கடலும் மறுபுறங்களில் தமிழ்நாடும் கொண்ட காரைக்காலையும் மாநில அளவில் இவ்வாறே விளக்கலாம். அங்கிருந்து சீர்காழி, சிதம்பரம், கடலூர் வழியாகப் புதுச்சேரிக்குப் பேருந்தில் வரும் மாணவரிடம் எந்தச் சாவடியிலும் கடவுச்சீட்டு கேட்பதில்லை. அந்த வேறுபாட்டிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

'திட்டு' என்றால் வகுப்பில் வசைச்சொல்லாகக் கேட்டுச் சிரிப்பார்கள் என்று காரைக்கால் ஆசிரியை தயங்குகிறார். மணல்திட்டு என்றால் எவரும் சிரிப்பதில்லையே, அம்மா. இதுவரை எழுதியவர்களில் ஐவர் உடன்பட்டிருக்கிறார்கள். கடலூர் ஐயா உடன்படவில்லை. அவருடைய 'சூழ்நிலம்' அடைப்புக்குறிக்குள் அச்சாகும்.

இன்னொன்று மீதமிருக்கிறது. புறத்திட்டுக்குப் பிற நாட்டின் ஊடாகச் சென்றுவரும் உரிமைக்கு 'ஊடுவழியுரிமை' என்று எழுதியுள்ளேன். ஊடுதல் பிணக்கத்தையும் குறிப்பதால் மனம் ஒப்பவில்லை. 'கடப்புரிமை' பொருந்துமா? வியாழன் மாலைக்குள் தெரிவியுங்கள்.