உயரம், எடை, இடுப்பளவை போனில் கேட்டு எழுதினால் ஆய்வுக்குப் போதுமா? (தர்மபுரி மாவட்டம்)

நல்லம்பள்ளி_மாணவி

எல்லோருக்கும் வணக்கம். முதுநிலை நர்சிங் படிக்கிறேன். நல்லம்பள்ளி பக்கம் சில கிராமங்களில் முப்பது வயதைத் தாண்டியவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் அபாயம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. சென்னை மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2005ல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் முறையை எடுத்திருக்கிறேன். வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை இருந்ததா என்ற நான்கையும் வைத்து 100க்கு மதிப்பெண் போடுவது. கூடவே பி.எம்.ஐ.யும் (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்) சேர்க்கச் சொல்லி கைடு சொல்லியிருக்கிறார்.

சிக்கல் என்னவென்றால், பகலில் ஊருக்குள் போனால் வயதானவர்கள்தான் இருக்கிறார்கள். மற்றவர்கள் பெங்களூரு, திருப்பூர், ஓசூர் என்று வேலைக்குப் போய்விடுகிறார்கள், வாரக் கடைசியில் வந்தாலும் பிடிப்பது கஷ்டம். அதனால் போனிலேயே உயரம், எடை, பேண்ட் அளவு கேட்டு எழுதிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். கூடப் படிப்பவர்கள், "ஒருத்தர் கூட்டிச் சொல்வார், ஒருத்தர் குறைத்துச் சொல்வார், ஆள் எண்ணிக்கை அதிகமானால் சரியாகிவிடும்" என்கிறார்கள். அது சரிதானா? களத்தில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கள_ஆய்வாளர்_கிருஷ்ணகிரி

சரியாகாதும்மா. சிலர் கூட்டியும் சிலர் குறைத்தும் சொன்னால்தான் சராசரி தப்பிக்கும். உடல் அளவில் பெரும்பாலானவர்கள் ஒரே பக்கமாகத்தான் சாய்கிறார்கள், உயரத்தைக் கொஞ்சம் கூட்டியும் எடையைக் கொஞ்சம் குறைத்தும். கானர் கோர்பர் குழுவினர் 64 ஆய்வுகளைத் தொகுத்து 2007ல் ஒபிசிட்டி ரிவ்யூஸ் இதழில் எழுதியதும் இதைத்தான் காட்டியது. ஆயிரம் பேரைக் கேட்டாலும் அந்தச் சாய்வு அப்படியே நிற்கும்.

கணக்கு போட்டுப் பாருங்கள். 160 செ.மீ., 65 கிலோ இருக்கும் ஒருவருக்கு பி.எம்.ஐ. 25.4. நம் நாட்டு அளவுகோலில் 25ஐத் தொட்டாலே உடற்பருமன். அவரே 163 செ.மீ., 63 கிலோ என்று சொல்லிவிட்டால் 23.7 ஆகிவிடுகிறது. மூன்று சென்டிமீட்டரும் இரண்டு கிலோவும் யாருக்கும் பொய்யாகவே படாது, ஆனால் பருமன் என்ற பட்டியலிலிருந்தே ஆள் காணாமல் போய்விடுவார். இதில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வேறொன்று. எடை கூடக் கூட, குறைத்துச் சொல்லும் அளவும் கூடுகிறது. யாருக்கு அபாயம் அதிகமோ அவர்தான் உங்கள் தாளில் அதிகம் மறைகிறார்.

அப்புறம் அடி, அங்குலம். நம் ஊரில் சென்டிமீட்டரில் உயரம் தெரிந்தவர்கள் பெரும்பாலும் போலீஸ் செலக்‌ஷனுக்குப் போய் வந்த பையன்கள்தான், அவர்கள் சொல்வதை ஓரளவு நம்பலாம். மற்றவர்கள் "அஞ்சரை அடி" என்பார்கள். அதை 5.5 என்று எழுதிவிட்டு, பிறகு தரவு ஏற்றுபவர் 5 அடி 5 அங்குலம் என்று படிப்பார். அதைவிட மோசம், 5 அடி 10 அங்குலத்தை 5.10 என்று எக்செல்லில் அடித்தால் அது கடைசிப் பூஜ்ஜியத்தை விழுங்கி 5.1 ஆக்கிவிடும். 178 செ.மீ. ஆள் 155 செ.மீ. ஆகிவிடுவார். 70 கிலோ என்றால் அவருடைய பி.எம்.ஐ. 22லிருந்து 29க்குத் தாவும். எப்படிக் கேட்டாலும் சரி, அடிக்கு ஒரு கட்டம், அங்குலத்துக்கு ஒரு கட்டம் என்று தனித்தனியாக வையுங்கள்.

பேண்ட் அளவை மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள். தொந்தி உள்ளவர்கள் பேண்ட்டைத் தொந்திக்குக் கீழேதான் போடுகிறார்கள். நமக்கு வேண்டிய இடம் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில். உங்கள் மதிப்பெண் முறையில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ.யில் 10 மதிப்பெண் தொடங்குகிறது, அங்கிருந்து இன்னும் பத்து செ.மீ. போனால் 20. 34 இன்ச் பேண்ட் போடுபவர் 86 செ.மீ. என்று கணக்கில் வந்து பூஜ்ஜியம் வாங்குவார், டேப் வைத்தால் 95 இருக்கும். வேட்டி கட்டுபவர்களிடம் எதைக் கேட்பீர்கள்?

ஊத்தங்கரை_செவிலியர்

நான் கிராம சுகாதார செவிலியர். அண்ணன் சொன்னதோடு பெண்கள் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாற்பது வயது அக்காவிடம் எடை கேட்டால் பல நேரம் அவர் சொல்வது கடைசிப் பிரசவத்தின்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்த எடை. அதற்குப் பிறகு மெஷினில் ஏறவே வேலை வந்திருக்காது. வேண்டுமென்று குறைத்துச் சொல்வதில்லை, வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார்கள். அதனால் "தெரியாது" என்பதையும் ஒரு பதிலாகப் படிவத்தில் கட்டாயம் வையுங்கள், "கடைசியாக எப்போது எடை பார்த்தீர்கள்" என்றும் கேளுங்கள். கணவர் எடையை மனைவியிடம் கேட்டு எழுதினால் அது அவரே சொன்ன அளவு கிடையாது, தனியாகக் குறித்து வையுங்கள்.

பெரியவர்கள் உயரம் இன்னொரு பாடு. வயதாக ஆக உயரம் குறையும், அவர்கள் சொல்வதோ இளவயது உயரம். நம் இரண்டு மாவட்டத்திலும் எலும்பைப் பாதிக்கும் ஃப்ளோரைடு தண்ணீர் வேறு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013ல் வருவதற்கு முன் பல ஊர்களில் பல வருஷம் போர் தண்ணீரையே குடித்தவர்கள், முதுகு விறைத்து வளைந்து நிமிர முடியாமல் இருப்பவர்களை நீங்களே பார்ப்பீர்கள். அவர்களைச் சுவரோடு நிற்கவைத்து அளக்க முயற்சி செய்யாதீர்கள், வலிக்கும், வருகிற எண்ணுக்கும் அர்த்தம் இல்லை. இடுப்புச் சுற்றளவை மட்டும் எடுங்கள். உங்கள் மதிப்பெண்ணுக்கு உயரமே தேவையில்லையே, அவர்களுக்கு பி.எம்.ஐ. இல்லாமல் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆட்கள் கிடைக்கவில்லை என்றால் காலையில் நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்குப் போகலாம். மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர்களுடன் போகவும் அனுமதி கேட்டுப் பாருங்கள். அந்தத் திட்டமே 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பி.பி., சர்க்கரை பார்க்க வீடு வீடாகப் போகிறார்கள், எந்த வீட்டில் யார் எப்போது இருப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

பாலக்கோடு_77

அளந்தால் மட்டும் எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள், அதிலும் கோட்டை விடலாம். மண் தரையில் எடை மெஷின் வைத்தால் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு சமமான கிரானைட் துண்டு கொண்டுபோங்கள், நம் பக்கம் அதற்கா பஞ்சம். தினமும் காலையில் மளிகைக் கடையில் முத்திரை போட்ட எடைக்கல் இரண்டை வாங்கி மெஷினில் வைத்துச் சரிபாருங்கள். உயரம் எடுக்கும்போது செருப்பைக் கழற்றச் சொல்பவர்கள் கொண்டையை மறந்துவிடுவார்கள், கொண்டையும் பூவும் இருந்தால் பலகை தலையைத் தொடாது. அவிழ்க்கச் சொல்லப் பெண் ஒருவர் கூட இருப்பது நல்லது. ஒரே ஆளுக்குக் காலையிலும் மாலையிலும் ஒரு செ.மீ. வித்தியாசம் வரும், அதற்குக் கவலைப்பட வேண்டாம், நேரத்தை மட்டும் எழுதுங்கள்.

நல்லம்பள்ளி_மாணவி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. எல்லோரையும் நேரில் அளக்க என்னிடம் ஆளும் இல்லை நாளும் இல்லை. எல்லோரிடமும் போனில் கேட்டுவிட்டு, ஒரு பகுதியினரை மட்டும் போய் அளந்தால்? இன்னொன்று, அளக்கப் போகிறோம் என்று தெரிந்தால் சரியாகச் சொல்வார்கள், தெரியாவிட்டால் குறைத்துச் சொல்வார்கள் என்று படித்தேன். சொல்லாமல் கேட்பது அவர்களை ஏமாற்றுவது மாதிரி இருக்கிறதே.

கள_ஆய்வாளர்_கிருஷ்ணகிரி

அதுதான் நல்ல வழி, கனடாவில் 2005 உடல்நலக் கணக்கெடுப்பில் ஒரு பகுதியினரிடம் அப்படித்தான் கேட்டும் அளந்தும் பார்த்தார்கள். அளக்க வேண்டியவர்களைக் குலுக்கிப் போட்டு எடுங்கள், பகலில் வீட்டில் கிடைப்பவர்களையே அளந்தால் வயதானவர்களின் பிழைதான் தெரியும், பெங்களூரு போனவருடையது தெரியாது. அவருக்காக ஞாயிற்றுக்கிழமை போய்த்தான் ஆகவேண்டும். போனில் பேசியதற்கும் அளப்பதற்கும் நடுவில் நாள் அதிகம் விடாதீர்கள். சொன்ன அளவை உண்மை அளவுக்குத் திருத்தும் கனடாவின் சூத்திரத்தை எடுத்து இங்கே போட வேண்டாம், அந்த மக்கள் எவ்வளவு சாய்ந்தார்கள் என்பது அவர்களுக்கு மட்டும்தான் பொருந்தும்.

அலசும்போது கோரிலேஷன் (சொன்ன அளவும் அளந்த அளவும் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்பதைக் காட்டும் எண், அதிகபட்சம் 1) 0.9 வந்தது என்று நிறுத்திவிடாதீர்கள். எல்லோரும் சரியாக மூன்று கிலோ குறைத்துச் சொன்னால் கோரிலேஷன் 1 வரும், ஆனால் ஒரு எடைகூட சரியாக இருக்காது. பிளாண்ட், ஆல்ட்மன் என்ற புள்ளியியலாளர்கள் 1986ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதிய முறைப்படி, இரண்டு அளவின் வித்தியாசத்தை அவற்றின் சராசரிக்கு எதிரே வரைந்து பாருங்கள், ஆண் பெண் தனித்தனியாக. எடை கூடும்போது வித்தியாசம் விரிகிறதா என்பது கண்ணுக்கே தெரியும்.

ஏமாற்றுவது பற்றிக் கேட்டது சரியான கேள்வி. மறைக்க வேண்டாம், மறைக்கவும் கூடாது. போனில் ஒப்புதல் வாங்கும்போதே "உங்களில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து நேரில் வந்து அளப்போம்" என்று எல்லோரிடமும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுங்கள். அளக்கப்பட்டவரும் அளக்கப்படாதவரும் அதே தகவலைக் கேட்ட பிறகு பதில் சொன்னவர்கள் என்பதால், ஒரு பகுதியில் கண்ட பிழையை மற்றவர்களுக்கும் போட்டுத் திருத்தலாம். யார் தேர்வானார் என்பது மட்டும் அழைப்பு முடியும்வரை அழைக்கும் உங்களுக்கே தெரியாமல் இருக்கட்டும், பட்டியலை கைடிடம் கொடுத்து வையுங்கள்.