சிவிக் கிராங்க் புல்லி போல்ட் அசைய மாட்டேங்குது, உதவி தேவை

சுங்கை சிப்புட் தம்பி:
வணக்கம் அண்ணன்மாரே. அப்பாவோட 1997 ஹோண்டா சிவிக் 1.6. டைமிங் பெல்ட் (கிராங்க் சுத்துறதுக்கு ஏத்த மாதிரி வால்வுகளத் திறந்து மூட வைக்கிற பெல்ட்), வாட்டர் பம்ப் ரெண்டும் மாத்தணும். அதுக்கு முதல்ல கிராங்க் புல்லி, அதாவது எஞ்சினோட கிராங்க் தண்டு முனையில இருக்கிற சக்கரத்தக் கழட்டணும். கடைசியா எப்ப மாத்துனதுன்னு வீட்டுல யாருக்கும் தெரியல. அறுந்தா வால்வு வளைஞ்சிடும்னு சொல்றாங்க, அதான் பயமா இருக்கு. இடது முன்சக்கரத்தக் கழட்டி புல்லி நடு போல்ட்டுல 17 மில்லிமீட்டர் சாக்கெட் மாட்டுனா, எஞ்சினும் சேர்ந்து சுத்துது. அஞ்சாவது கியர் போட்டு தங்கச்சிய பிரேக் மிதிக்கச் சொன்னேன். எஞ்சின் அதைத் தாங்குற ரப்பர் மவுண்ட்டுல குலுங்குதே தவிர போல்ட் அப்படியே நிக்குது. டயர் கடை இம்பேக்ட் கன்னும் சத்தம் போட்டதோட சரி. சாக்கெட்டத் திருப்புற நீளக் கைப்பிடி பாரைத் தரையில முட்டுக் கொடுத்து ஸ்டார்ட்டரத் தட்டுனா கழண்டுடும்னு பக்கத்து வீட்டு அங்கிள் சொல்றார். செய்யலாமா?

ஈப்போ ஃபோர்மென்:
தம்பி, சாவியத் தொடாதீங்க! அந்த வழி நிறைய கார்ல வேலை செய்யும், ஏன்னா அந்த எஞ்சின் எல்லாம் புல்லி பக்கம் நின்னு பார்த்தா கடிகாரச் சுற்றுல ஓடும். உங்க சிவிக்ல இருக்கிற டி சீரிஸ் ஹோண்டா எஞ்சின் எதிர்ச் சுற்று. போல்ட்டுக்கு இருக்கிறது சாதாரண மரைதான். பாரைப் பிடிச்சு வச்சு ஸ்டார்ட்டர் போட்டா போல்ட் இன்னும் இறுகும். பார் எகிறி அடிச்சா கையும் போகும்.

புல்லி முகத்துல ஆறு பட்டைக் குழி ஒன்னு இருக்கும், பாருங்க. அதுல உட்கார 50 மில்லிமீட்டர் ஹோண்டா புல்லி ஹோல்டர் விக்குது, அத வாங்குங்க. ஹோல்டர் கை காரோட முன்பக்கம் நீட்டி, தடிச்ச பலகை மேல முட்டட்டும். அதோட நடு ஓட்டை வழியா எக்ஸ்டென்ஷன், சாக்கெட். எக்ஸ்டென்ஷன் வெளி முனைக்குக் கீழே ஒரு ஸ்டாண்டு கட்டாயம் வைங்க. இல்லாட்டி சாக்கெட் சாஞ்சு போல்ட் தலையத் தேய்ச்சிடும். சாக்கெட்டும் ஆறு முனை உள்ளதா இருக்கணும். பாரையும் முன்பக்கமே, ஹோல்டருக்கு மேலே சாய்வா வச்சு, ஒரு மீட்டர் ஜிஐ பைப் சொருகி மெதுவா கீழே அழுத்துங்க. 70 கிலோ ஆள் அந்த முனையில சாஞ்சாலே கிட்டத்தட்ட 690 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. போல்ட்ட இறுக்கச் சொன்னது சுமார் 180தான். அஞ்சாவது கியர்ல உங்க பலம் எல்லாத்தையும் மவுண்ட் ரப்பர் தின்னுடுச்சு. இம்பேக்ட் கன்னுக்கும் அதே கதைதான்: நீளமான எக்ஸ்டென்ஷன் போட்டா அடி போல்ட்டுக்குப் போய்ச் சேராது.

தோட்டத்து டிராக்டர்:
எங்க எஸ்டேட் பட்டறையில இறுகுன போல்ட்டுன்னா உடனே கேஸ் டார்ச்ச எடுப்பாங்க. இதுல வேணாம் தம்பி. புல்லிக்குள்ள ரப்பர் வளையம் இருக்கு, பின்னாடி எண்ணெய் கசியாமத் தடுக்கிற கிராங்க் ஆயில் சீல் இருக்கு. ரெண்டும் சூடு தாங்காது. அடி மேல் அடி வச்சா அம்மியும் நகரும்னு சுத்தியலாலயும் போடாதீங்க, அந்த அடி கிராங்க் பேரிங்ல போய் விழும். முக்கியமா, கார ஜாக்கை மட்டும் நம்பி விடாதீங்க. ரெண்டு பக்கமும் ஆக்ஸில் ஸ்டாண்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை. பைப்ல அழுத்துறப்போ காரே அசையும்.

சுங்கை சிப்புட் தம்பி:
கழண்டுடுச்சு அண்ணே! ஹோல்டர் வந்ததும் நீங்க சொன்ன மாதிரியே வச்சேன். பைப்ப அழுத்துனதும் 'டக்'குன்னு பெரிய சத்தம், பார் உடைஞ்சதுன்னு நெனச்சு விலகிட்டேன். பார்த்தா போல்ட் இளகி நிக்குது. வாஷர் முகத்துல காப்பி நிறத்துல துரு. திரும்ப மாட்டுறப்போ என்ன கவனிக்கணும்?

ஈப்போ ஃபோர்மென்:
ரொம்ப சந்தோஷம் தம்பி. மரைய பிரஷ் போட்டுத் துடைச்சு எஞ்சின் ஆயில் லேசாத் தடவுங்க. தலை கொஞ்சம் தேஞ்சிருந்தாலும் புது போல்ட் போடுங்க. இவ்வளவு தூரம் திறந்தாச்சு, முன்பக்க ஆயில் சீலையும் இப்பவே மாத்திடுங்க. கன்னால இறுக்காதீங்க, ஹோல்டரப் போட்டு, உங்க எஞ்சின் கையேட்டுல இருக்கிற அளவுக்கு டார்க் ரெஞ்சுலதான் இறுக்கணும். பெல்ட் ஏத்துனதும் கையாலயே ரெண்டு சுத்து, எதிர்ச் சுற்றுலதான், சுத்தி கேம் (வால்வத் திறக்கிற தண்டு) குறியும் கிராங்க் குறியும் சேருதான்னு பாருங்க. சேர்ந்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க.