பேரிங் வண்டி ஓட்டியவர்கள் யாராவது இருக்கீங்களா?

குன்னூர்க்காரன்:
போன வாரம் மகனுடைய ஸ்கேட்போர்டில் ஒரு சக்கரம் மக்கர் பண்ணியது. கழற்றிப் பார்த்தால் உள்ளே குட்டியாக ஒரு பேரிங் (உள்ளே குண்டுகள் உருளும் இரும்பு வளையம்), 608 என்று எண். துளை 8 மில்லிமீட்டர்தான். "இதையே சக்கரமா வச்சு ஓட்டினவன்டா நான்" என்றேன். நம்பவில்லை.

1988, ஆறாம் வகுப்பு. மெக்கானிக் கடையில் கழித்துப்போட்ட 6203 என்ற பெரிய அளவு பேரிங்குக்காக நாலு நாள் நடந்தேன். கடை அண்ணன் சும்மா தரமாட்டார். டீ வாங்கி வரணும், ஸ்பேனர் துடைக்கணும். அப்படி மூன்று சேர்ந்தது. பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று. சிரட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் பழைய கிரீஸ் கறுப்பாகக் கழன்று வரும். அப்புறம் விரலால் சுண்டிவிட்டுக் காதருகே பிடிப்போம். 'சிர்ர்' என்று நீளமாகச் சுற்றினால் நல்ல பேரிங். கரகரத்தால் உள்ளே குண்டு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அச்சுதான் பெரும்பாடு. 17 மில்லிமீட்டர் துளைக்குத் தைலமரக் கம்பை அரிவாளால் சீவ வேண்டும். ஒரு சீவல் கூடிப்போனால் லொடலொட. உடனே சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றி, சுத்தியலால் தட்டி இறக்குவோம். உட்காரத் தேயிலைப் பெட்டிப் பலகை. அதன் ஓரத் தகரம் டவுசரைக் கிழித்ததற்கு வாங்கிய அடி தனி. பிரேக்? செருப்புக் கால்தான்.

இரும்புக்குத் தார் ரோட்டில் பிடிமானமே கிடையாது. வளைவில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். பட்டாணி அளவு ஜல்லி மாட்டினால் போதும்: வண்டி நின்றுவிடும், நாம் போய்க்கொண்டிருப்போம். என் இரண்டு முட்டியும் அப்படித்தான் போச்சு. பாட்டி காப்பித்தூளை அள்ளி அப்பிவிட்டாள். அமெரிக்கப் பையன்களும் 1950-களில் ரோலர் ஸ்கேட்டின் இரும்புச் சக்கரத்தைப் பலகையில் அடித்துத்தான் ஓட்டியிருக்கிறார்கள். 1970-களில் யூரித்தேன் என்ற ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக் சக்கரம் வந்த பிறகுதான் அவர்களுக்குப் பொடிக்கல் பயம் குறைந்தது. குன்னூருக்கு அது வரவில்லை, அவ்வளவுதான்.

வடசென்னைக்காரி:
மேட்டுக்காரங்க கொடுத்துவைத்தவர்கள்! எங்கள் தெரு தட்டை. அண்ணன் ராஜா மாதிரி உட்காருவான், முதுகைப் பிடித்துத் தள்ளுவது நான். "ஒரே ஒரு ரவுண்டு" என்று கெஞ்சினால், நாளைக்கு என்பான். தண்ணீர் லாரி வந்தால் மட்டும் வண்டி என் கைக்கு வரும். இரண்டு பிளாஸ்டிக் குடத்தைக் கயிறு போட்டுக் கட்டி இழுத்து வருவேன். சிமெண்ட் ரோட்டில் அது போடும் சத்தத்துக்கு எதிர்வீட்டுத் தாத்தா மதியத் தூக்கம் கெட்டு, கையில் விசிறியோடு வாசலுக்கு வந்துவிடுவார். வீடு சேர்வதற்குள் குடம் முக்கால் ஆகியிருக்கும். அதற்கும் திட்டு எனக்குத்தான்.

அது சரி, குன்னூர் அண்ணா, காப்பித்தூள் தழும்பு இன்னும் இருக்கா?

குன்னூர்க்காரன்:
இருக்கும்மா, வலது முட்டியில். மகனிடம் காட்டினேன். இப்போ அவனுக்கு 6203 மூணு வேணுமாம்.