முப்பதைக் கடந்த நாயகி, முடிந்துபோன தொடர்: ரத்தக் காட்டேரிக் காதல் நாவல்கள் சொல்லுங்கள்

ஒத்தக்கடை வாசகி:
அனைவருக்கும் வணக்கம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். விடிவதற்கு முன்பே தொடங்கும் வேலை நண்பகலுக்குள் முடிந்துவிடும். அதன் பிறகு படிப்புதான்.

ரமணிசந்திரன் நாவல்களில் வளர்ந்தவள் நான். தங்கை மகள் கல்லூரியிலிருந்து 'ட்வைலைட்' என்ற ஆங்கிலக் காட்டேரிக் காதல் நாவலைக் கொண்டுவந்து கொடுத்தாள். நான்கு பாகங்களையும் முடித்தபின் பழைய குடும்பக் கதைகளுக்குத் திரும்ப மனம் வரவில்லை. அதில் என்னைப் பிடித்து நிறுத்தியது இரண்டாம் பாகத்தின் தொடக்கம். நாயகி பெல்லாவுக்குப் பதினெட்டு வயது பிறக்கிறது. அவள் காதலிக்கும் காட்டேரி எட்வர்ட் 1918-இல் பதினேழு வயதோடு நின்றுவிட்டவன். கனவில் அவள் தன்னையே பாட்டியாகப் பார்த்துப் பதறுகிறாள். ஒருவருக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, மற்றவருக்கு ஏறவே இல்லை என்றால் இருவரும் சேர்ந்து எப்படி வாழ்வது? சாதாரணக் காதல் கதையில் இந்தக் கேள்விக்கு இடமே கிடையாது. ஆகவே இவற்றைச் சிறுபிள்ளைக் கதைகள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

நகருக்குள் ஒரு புத்தகக் கடையில் கேட்டேன். பேய்க் கதை அலமாரியைக் கை காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அங்கிருந்தவை எல்லாம் வாசகரைப் பயமுறுத்த எழுதப்பட்டவை. எனக்குக் காதல் கதைதான் வேண்டும். அதில் ஒருவர் சாகாதவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நாயகி பள்ளி மாணவியாக இல்லாமல், சொந்த வேலையும் பிழைப்பும் உள்ளவளாக இருந்தால் மகிழ்ச்சி. தொடர் முடிந்திருக்க வேண்டும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கும் ஆங்கிலம் வேண்டாம். தமிழிலேயே இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.

நத்தம் ரோடு நித்திலா:
அக்கா, நீங்கள் கேட்ட கேள்விக்கென்றே எழுதியதுபோல ஒரு கதை இருக்கிறது. டெபோரா ஹார்க்னஸ் எழுதிய 'எ டிஸ்கவரி ஆஃப் விட்ச்சஸ்' (2011). எழுதியவர் வரலாற்றுப் பேராசிரியர். நாயகி டயானாவும் வரலாற்று ஆய்வாளர்தான், முப்பதைக் கடந்தவள். சூனியக்காரக் குடும்பத்தில் பிறந்தும் அந்த ஆற்றலைத் தொடாமல் வாழ்கிறாள். ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள போட்லியன் நூலகத்தில் ஒரு பழைய ரசவாதச் சுவடியை அவள் வரவழைத்துத் திறப்பதில் எல்லாம் தொடங்குகிறது. அங்கேதான் மேத்யூவைச் சந்திக்கிறாள். மரபணு ஆராய்ச்சி செய்யும் காட்டேரி அவன், 1,500 ஆண்டுகளாக வாழ்பவன். மனிதனாக இருந்த காலத்திலேயே மனைவியையும் மகனையும் பறிகொடுத்தவன். இழப்பு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டே அவன் மறுபடியும் நேசிக்கத் துணிவதைப் படித்துப் பாருங்கள்.

ஆங்கிலம் சற்றுக் கனமானது. முதல் நூறு பக்கங்களில் பொறுமை வேண்டும், விட்டுவிடாதீர்கள். 2012, 2014 ஆண்டுகளில் வந்த அடுத்த இரு பாகங்களோடு மூலக்கதை முடிந்துவிடுகிறது. அதே மாந்தர்களை வைத்துப் பிறகும் எழுதியிருக்கிறார். அவற்றைப் படிக்காவிட்டாலும் குறையில்லை. கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் ஆங்கிலப் பிரிவில் எழுத்தாளர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "காட்டேரிக் கதை" என்று கேட்டால் அங்கேயும் திகில் அலமாரிக்குத்தான் அனுப்புவார்கள்.

பழங்காநத்தம் ஆசிரியர் (ஓய்வு):
அம்மா, தமிழில் என்று கேட்டீர்கள். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யைப் (1943) படித்துவிட்டீர்களா? காதல் கதை இல்லைதான். ஆனால் அதில் கணவன் நள்ளிரவில் மனைவியின் குரல்வளையில் குண்டூசி முனையளவு ரத்தத் துளியைக் காணும் இடம் ஒன்று உண்டு. ஒரு வீட்டின் அன்றாடத்துக்குள் இப்படி ஒன்றைக் கொண்டுவந்து வைக்க அவரால்தான் முடியும். மதுரையில் வாழ்ந்து 2024-இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன் அமானுஷ்யக் கதைகளை ஏராளமாக எழுதினார். ஆனால் அவருடைய உலகம் சித்தர்களும் தெய்வங்களும் சேர்ந்தது, அங்கே காதல் கிளைக்கதையாகத்தான் வரும். நீங்கள் தேடும் வகைக்கு ஆங்கிலத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

அங்கே போனால் மூலத்தையும் ஒருமுறை பாருங்கள். லெ ஃபானுவின் 'கார்மில்லா' 1872-இல் நூலாக வந்தது, 'டிராகுலா'வுக்கு 25 ஆண்டுகள் முந்தியது. தனிமையில் வளரும் ஒரு பெண், விருந்தாளியாக வந்த இன்னொரு பெண்ணால் ஈர்க்கப்படுகிறாள். அந்த ஈர்ப்பும் அச்சமும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. இரண்டு பிற்பகல்களில் படித்துவிடலாம். காப்புரிமை முடிந்த நூல் என்பதால் புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

மேலூர்க்காரன்:
ஆசிரியர் ஐயா சொன்னது நல்ல நூல், ஆனால் அகராதி இல்லாமல் முடியாது. எளிய ஆங்கிலம்தான் வேண்டுமென்றால் ஷார்லெய்ன் ஹாரிஸ். லூசியானாவில் ஒரு சிற்றூர் மதுக்கடையில் பரிமாறும் சூக்கி என்ற பெண் தானே கதை சொல்கிறாள். வயது இருபதுகளில்தான், ஆனாலும் உழைத்துப் பிழைப்பவள். சுற்றியிருக்கும் மனிதர்கள் நினைப்பதெல்லாம் அவள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அதனாலேயே எந்த ஆணோடும் நெருங்க முடியாமல் இருக்கிறாள். பில் என்ற காட்டேரி கடைக்குள் வந்து உட்காரும்போது அவன் மனத்திலிருந்து ஒரு சத்தமும் கேட்பதில்லை. பதிமூன்று பாகங்கள், 2001-இல் தொடங்கி 2013-இல் முடிந்துவிட்டது.

ஒத்தக்கடை வாசகி:
நித்திலா, ஐயா, மேலூர்ச் சகோதரர், மூவருக்கும் நன்றி. 'கார்மில்லா'வை இன்றே போனில் இறக்கிவிட்டேன். ஆனால் சூக்கியைத்தான் முதலில் படிக்கப் போகிறேன். அவன் அருகில் மட்டும் அவளுக்கு அமைதி கிடைக்கிறது என்பது என்னை விடவில்லை. தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது பழைய ஆங்கில நாவல்களை மலிவாகக் குவித்திருப்பார்களே, அதில் தேடினால் முதல் பாகத்தை எப்படி அடையாளம் காண்பது?

மேலூர்க்காரன்:
தலைப்பைப் பார்த்து வரிசை தெரியாது அக்கா, பதிமூன்றிலும் 'டெட்' என்று வரும். முதலாவது 'டெட் அன்டில் டார்க்', கடைசி 'டெட் எவர் ஆஃப்டர்'. 2008-இல் தொலைக்காட்சித் தொடராக வந்தபின் அட்டையில் 'ட்ரூ பிளட்' என்று பெரிதாகப் போட்டும் சில பதிப்புகள் வந்தன. அதுவும் இதே கதைதான். உள்ளே முதல் சில பக்கங்களில் பாகங்களின் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். நடுப் பாகம் மட்டும் கிடைத்தால் வாங்காதீர்கள், யார் யாரோடு இருக்கிறார்கள் என்பது பாகத்துக்குப் பாகம் மாறும். கிண்டிலில் முதல் பாகத்தின் மாதிரிப் பக்கங்களை இலவசமாகப் படிக்கலாம். பில் கடைக்குள் வரும் காட்சி தொடக்கத்திலேயே இருப்பதால், உங்களுக்குப் பிடிக்குமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.