பேபி ஸ்ரீதேவி முதல் மூன்றாம் பிறை வரை: திரையில் கவனித்தவை (அனுபவப் பகிர்வு)

ரீல்பெட்டி:
குழந்தை நட்சத்திரமாக வந்து கதாநாயகியாக நிலைத்தவர்கள் என்று பேச்செடுத்தால், ஸ்ரீதேவியில் ஆரம்பித்து "பிறவி நடிகை" என்று முடித்துவிடுகிறார்கள். அதில் யாருக்கும் எதுவும் விளங்குவதில்லை. இந்த இழையில் ஏர்போர்ட்டில் பார்த்தேன், கை அசைத்தார் வகையறா வேண்டாம். திரையில் அவரைச் சந்தித்த இடங்களை எழுதுங்கள். எந்தப் படம், எந்தக் காட்சி, என்ன செய்கிறார், அது எப்படி எடுபடுகிறது, எங்கே இடறுகிறது.

முதலில் வயதுக் கணக்கு. பிறந்தது 13 ஆகஸ்ட் 1963. இதைத் தாளில் எழுதிவைத்து, ஒவ்வொரு படத்தின் வெளியீட்டுத் தேதியோடும் கழித்துப் பாருங்கள். 'கந்தன் கருணை' 1967, பால முருகன் வேடம். 'துணைவன்', 'நம் நாடு' இரண்டும் 1969. 'பாபு' 1971. அதே வருடம் மலையாளத்தில் 'பூம்பாட்டா', அதற்குக் கேரள அரசின் சிறந்த குழந்தை நட்சத்திர விருது. 1975-இல் இந்தி 'ஜூலி'யில் லட்சுமிக்குத் தங்கை. அடுத்துதான் வேடிக்கை. 'மூன்று முடிச்சு' 22 அக்டோபர் 1976: வயது 13, படத்தில் ரஜினிக்குச் சித்தி. '16 வயதினிலே' 15 செப்டம்பர் 1977: வயது 14, படத்தில் 16. 'மூன்றாம் பிறை' 19 பிப்ரவரி 1982: வயது 18, படத்தில் மனதளவில் சின்னக் குழந்தை. சொந்த வயது ஏற ஏற வேட வயது இறங்குகிறது. வேறு எந்த நடிகையின் பட்டியலிலும் இப்படி ஒரு வரிசை இருப்பதாகத் தெரியவில்லை.

டூரிங் டாக்கீஸ்:
மூன்று முடிச்சிலிருந்து தொடங்குவோம். கருப்பு வெள்ளைப் படம், கே. பாலசந்தர். தெலுங்கில் கே. விஸ்வநாத் எடுத்த 'ஓ சீத கத'வின் தழுவல். படகில் போகும்போது கமல் தண்ணீரில் விழ, ரஜினி காப்பாற்றாமல் துடுப்புப் போட்டுக்கொண்டே போகும் காட்சி எல்லாருக்கும் நினைவிருக்கும். ஸ்ரீதேவியைக் கவனிக்க வேண்டிய இடம் அதற்குப் பிறகு. ரஜினியின் அப்பாவையே (கல்கத்தா விஸ்வநாதன்) மணந்துகொண்டு அந்த வீட்டுக்குள் வருகிறார் செல்வி. நிஜத்தில் ரஜினிக்கு 25, இவருக்கு 13. புடவை கட்டிவிட்டால் வயது வந்துவிடாது. அதற்கு அவர் செய்வது மூன்று வேலை. வசனத்தை மெதுவாக்குகிறார். தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் திருப்புகிறார். எதிரில் இருப்பவர் பேசி முடித்ததும் உடனே பதில் சொல்லாமல் ஒரு மூச்சு விட்டுப் பேசுகிறார். குழந்தைகள் வசனம் பேசும்போது பெரும்பாலும் எதிராளி முடிக்கும் முன்பே வாயைத் திறந்துவிடுவார்கள், தன் முறை தவறிவிடுமோ என்ற பயத்தில். அந்தப் பழக்கம் இவரிடம் முற்றாகப் போயிருக்கிறது.

இடறும் இடமும் உண்டு. முதல் பாதியில் காதலியாகச் சிரிக்கும் குளோசப்புகளில் கன்னமும் தாடையும் குழந்தையைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. இன்று பார்க்கும்போது அந்தக் காதல் காட்சிகள் சங்கடமாகத்தான் இருக்கின்றன. இரண்டாம் பாதி தப்பிப்பதற்குக் காரணம், அங்கே அழகைவிட அதிகாரம் தேவைப்படுகிறது. அது அவருக்கு வருகிறது.

கணக்குப்பிள்ளை:
அந்தச் சங்கடத்தைச் சட்டமாகப் பார்த்தால்: இன்று 14 வயது நிரம்பாதவரை நடிக்க வைக்க, குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தமும் 2017 விதிகளும் பொருந்தும். படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் தயாரிப்பாளர் முன் அனுமதி வாங்க வேண்டும். படிவம் 'சி'-யில் உறுதிமொழி, குழந்தைகளின் பட்டியல், பெற்றோர் சம்மதம், பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் பெயர் எல்லாம் கொடுக்க வேண்டும். ஒரு பொறுப்பாளருக்கு 5 குழந்தைகளுக்கு மேல் கூடாது. நாளுக்கு 5 மணி நேரம், அதிலும் ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் வேலை இல்லை, படிப்பு தடைபடாமல் ஏற்பாடு செய்ய வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாகப் போக வேண்டும். வயது வந்த பிறகே அது கைக்கு வரும்.

நடைமுறையில் சிக்கும் இடம் இரண்டு. உறுதிமொழி 6 மாதத்துக்குத்தான் செல்லும், ஷெட்யூல் தள்ளிப்போனால் காலாவதி. அவுட்டோர் வேறு மாவட்டத்துக்கு மாறினால் அந்த மாவட்டத்தின் அனுமதி வேறு. ஸ்டுடியோவில் வாங்கிய தாளோடு மலைமேல் போய் நிற்க முடியாது.

மூன்று முடிச்சு இந்த விதிகளுக்குள் வரும். வெளியானபோது 14 நிரம்பிவிட்ட 16 வயதினிலே, எடுத்த தேதியைப் பொறுத்து, எல்லைக்கோட்டில் நிற்கும். கலிபோர்னியாவில் ஹாலிவுட் குழந்தை நட்சத்திரம் ஜாக்கி கூகன் தன் சம்பாத்தியத்துக்காகப் போட்ட வழக்கின் பிறகு, 1939-லேயே குழந்தையின் சம்பளத்தைக் காக்க ஒரு சட்டம் வந்துவிட்டது. நமக்கு 70 வருடத்துக்கு மேல் ஆயிற்று.

டூரிங் டாக்கீஸ்:
கணக்கு, நல்ல தகவல். ஆனால் இழையைச் சட்டப் புத்தகமாக்கிவிடாதீங்க சார்.

மேட்னி ஷோ:
16 வயதினிலே பற்றி. 'செந்தூரப்பூவே' பாட்டைத் திரும்பப் பாருங்க, எஸ். ஜானகிக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த பாட்டு. அதுல வர்ற ஸ்லோமோஷன் ஓட்டத்துக்குன்னு தனியா கேமரா எடுக்கிற பட்ஜெட் கிடையாது. அதனால பாரதிராஜா ஸ்ரீதேவியையே மெதுவா ஓடச் சொல்லி எடுத்தார். சாதாரணமா ஸ்லோமோஷன்னா நொடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதிலா 48 அல்லது அதுக்கும் மேலே ஓட்டி எடுத்து, 24-ல போட்டுக் காட்டுவாங்க. அப்போ ஆள், முடி, துணி, தூசி எல்லாம் சேர்ந்து மிதக்கும். ஆளே மெதுவா ஓடினா உடம்பு மட்டும்தான் மெதுவா போகும். தாவணியும் முடியும் புவியீர்ப்புக்குத்தான் கட்டுப்படும், சட்டுனு விழும். அதை மறைக்கணும்னா கால் தரையில படுற நேரத்தை நீட்டாம, கால் மேல இருக்கிற நேரத்தை நீட்டணும். முழங்காலுக்குச் செம வேலை. மூச்சு வாங்குறது முகத்துல தெரியக்கூடாது, வேற. சின்ன வயசுலேர்ந்து "இந்தக் கோட்டுல வா, அங்க நில்லு, இப்போ திரும்பு"ன்னு சொன்னதைச் சொன்னபடி செஞ்ச உடம்பாலதான் இதெல்லாம் முடியும்னு நினைக்கிறேன். குழந்தை நட்சத்திரமா இருந்ததோட நிஜமான லாபம் நடிப்பைவிட இந்த ஒழுங்குதான்.

டப்பிங் மேசை:
மேட்னி சொல்லும் ஒழுங்கை 'வறுமையின் நிறம் சிவப்பு' (1980) 'சிப்பி இருக்குது' பாட்டிலும் பார்க்கலாம். ஸ்ரீதேவி மெட்டைத் தத்தகாரமாக, அதாவது சொல் இல்லாமல் வெறும் 'தனனா' ஒலிகளாகக் கொடுக்க, கமல் சொல் கட்டித் திருப்பிக் கொடுக்கிறார். வரிகள் இருக்கும் பாட்டுக்கு உதடு அசைப்பது சுலபம், சொல்லே வழிகாட்டும். தத்தகாரத்தில் பிடிக்க எதுவும் இல்லை. ஜானகியின் குரல் எந்த இடத்தில் மூச்செடுக்கிறதோ அதே இடத்தில் தோள் ஏற வேண்டும், இல்லையென்றால் கண்டுபிடித்துவிடலாம். இந்தப் பாட்டில் தோளை மட்டும் பார்த்துக்கொண்டே போங்கள். அப்போது அவருக்கு 17.

ஆனால் எல்லாம் சரியாக நடந்த கதை இல்லை. 16 வயதினிலேயை பாரதிராஜாவே இந்தியில் 'சோல்வா சாவன்' என்று எடுத்தார். 1979, அமோல் பாலேகருடன். ஓடவில்லை. நான்கு வருடம் கழித்து 'ஹிம்மத்வாலா' (1983) தான் இந்தியில் கதவைத் திறந்தது. இந்தியில் அவருக்குப் பெரிய தடை குரல். அந்தக் காலத்தில் தளத்தில் பதிவாகும் ஒலி வெறும் பைலட் ட்ராக், பின்னால் டப்பிங்குக்கு வழிகாட்ட மட்டும். பிறகு காட்சியைச் சிறு சிறு லூப்பாக வெட்டி, திரையில் சுற்றவிட்டு, அதைப் பார்த்துப் பேசிப் பதிவு செய்வார்கள். மொழி தெரியாதவர் மனப்பாடம் செய்து பேசிய வாயசைவில் இரண்டு குறை வரும். ப, ம போன்ற உதடு மூடும் எழுத்துகள் சரியாக விழும், அவை கண்ணுக்குத் தெரிவதால் எல்லாரும் கவனமாக இருப்பார்கள். நெடில் மட்டும் குறுகிவிடும். இரண்டாவது, வாக்கியத்தை எங்கே பிரிப்பது என்று தெரியாததால் தவறான இடத்தில் நிறுத்தம் வரும். டப்பிங் பேசுபவர் அந்தத் தவறான நிறுத்தத்துக்குள் சரியான உச்சரிப்பை அடைக்க வேண்டும். அவருடைய ஆரம்ப இந்திப் படங்களில் சில வசனங்கள் பாதியில் வெட்டுப்பட்ட மாதிரி கேட்பது இதனால்தான் என்பது என் கணிப்பு.

அப்படி அவருக்காகப் பேசியவர் யார் தெரியுமா? நாஸ். 1954-இல் வந்த 'பூட் பாலிஷ்' படத்தின் குழந்தை நட்சத்திரம், கான் திரைப்பட விழாவில் சிறப்புப் பாராட்டு பெற்ற பேபி நாஸ். பெரியவரான பிறகு அவருக்கு முன்வரிசை கிடைக்கவில்லை. 'ஆக்ரி ராஸ்தா'வில் (1986) ஸ்ரீதேவிக்குப் பேசியது ரேகா. அவரும் சிறுமியாகத் தெலுங்குப் படத்தில் முகம் காட்டியவர். ஸ்ரீதேவியின் சொந்தக் குரல் இந்தியில் வந்தது 'சாந்தினி'யில், 1989.

விஜயவாடா மெயில்:
தெலுங்கை விட்டுவிட்டீர்களே. 'படி பந்துலு' 1972-இல் என்.டி. ராமாராவுக்குப் பேத்தி. 'வேட்டகாடு' 1979-இல் அவருக்கே ஜோடி. ஏழே வருட இடைவெளி. தமிழில் இதே மாதிரி மீனா: 1984-இல் 'அன்புள்ள ரஜினிகாந்த்' படத்தில் குழந்தை, 1993-இல் 'எஜமான்' படத்தில் மனைவி. கதாநாயகர்களின் வயதை ரசிகர்கள் எண்ணுவதில்லை, நாயகிகளின் வயதை மட்டும் எண்ணுகிறார்கள். இப்படிப்பட்ட ஜோடிகள் சாத்தியமாவது அதனால்தான்.

ஒப்பிட இன்னொன்று ஷாலினி. 1983-இல் மலையாளத்தில் 'என்டே மாமாட்டுக்குட்டியம்மக்கு', பிறகு தென்னிந்தியா முழுக்க பேபி ஷாலினி. சில வருடம் திரையைவிட்டு ஒதுங்கி, 1997-இல் 'அனியத்திப்ராவு', அதன் தமிழாக்கமான 'காதலுக்கு மரியாதை' என்று நாயகியாகவே திரும்பினார். இடைவெளி விட்டால் ரசிகர்கள் பழைய முகத்தை மறக்க நேரம் கிடைக்கும். விடாவிட்டால் வேலைப் பழக்கம் அறுந்துபோகாது. ஸ்ரீதேவி இரண்டாவது வழி. ஷாலினியின் தங்கை ஷாமிலிக்கு 'அஞ்சலி' (1990) தேசிய விருதே வாங்கித் தந்தது. நாயகியாக 'ஓய்' 2009-இல். 'அஞ்சலி'க்கு 19 வருடம் கழித்து. தொடர்ச்சி கிடைக்கவில்லை.

மேட்னி ஷோ:
தேடுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'பேபி ஸ்ரீதேவி'ன்னு தேடினா 'ரிக்‌ஷா மாமா' (1992) வந்து நிக்கும். அது ஸ்ரீதேவி விஜயகுமார், இவங்க இல்ல. அவங்களும் குழந்தையா நடிச்சு, 2002-ல தெலுங்கு 'ஈஸ்வர்' மூலமா நாயகியானவங்க. ரெண்டு பேர் படப் பட்டியலும் இணையத்துல கலந்து கிடக்கு. வருஷத்தைப் பார்த்துப் பிரிச்சுக்கோங்க.

ரீல்பெட்டி:
எல்லாரும் மூன்றாம் பிறையைக் கடைசிக்கு வைத்திருக்கிறீர்கள் போல. விபத்தில் தலையில் அடிபட்டு நினைவு பின்னால் போய்விடும் விஜி. பெரியவர்கள் குழந்தையாக நடிக்கும்போது வழக்கமாக மூன்று தவறு செய்வார்கள். மழலை பேசுவார்கள், கையைக் காலை உதறுவார்கள், எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். பாலு மகேந்திராவின் படத்தில் ஸ்ரீதேவி மழலையைக் கொஞ்சமாகத்தான் தொடுகிறார். குழந்தைத்தனத்தைக் கவனத்தில் வைக்கிறார். நாய்க்குட்டி சுப்பிரமணியைப் பார்க்கும்போது உலகத்தில் வேறு எதுவும் இல்லை. அடுத்த நொடி வேறொன்று கண்ணில் பட்டால் நாய்க்குட்டி இல்லவே இல்லை. இடையில் மாற்றம் கிடையாது, பெரியவர்களுக்கு அந்த மாற்றம் முகத்தில் தெரியும். கோபம் வந்தாலும் இப்படித்தான், முழுசாக வரும், முழுசாகப் போகும். கடைசியில் நினைவு திரும்பி ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது கண் ஒரே இடத்தில் நிற்கத் தொடங்குகிறது. கேத்தி ரயில் நிலையத்தில் நடக்கும் அந்த முடிவுக் காட்சியில் ரசிகர்கள் எல்லாரும் கமலைப் பார்க்கிறார்கள். நியாயம்தான், தேசிய விருதும் அவருக்கு. ஒரு தடவை ஜன்னலுக்குள் இருப்பவரை மட்டும் பாருங்கள். பிச்சைக்காரனைப் பார்ப்பது போன்ற ஒரு பார்வை, கொஞ்சம் இரக்கம், உடனே விலகல். அதற்கு மேல் ஒரு துளி கொடுத்திருந்தாலும் காட்சி கெட்டிருக்கும். தமிழக அரசின் சிறந்த நடிகை விருது அதற்குத்தான் என்றே வைத்துக்கொள்கிறேன்.

டூரிங் டாக்கீஸ்:
டப்பிங் மேசை, உங்களுக்கு ஒரு குறுக்குக் கேள்வி. சாந்தினிக்கு முன்பு இந்தியில் அவர் குரல் இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? மூன்றாம் பிறையில் நீலச்சாயத்தில் விழுந்த நரிக்கதைப் பாட்டு கமலும் ஸ்ரீதேவியும் அவர்களே பாடியது. 1983-இல் அந்தப் படத்தையே இந்தியில் 'சத்மா' என்று எடுத்தபோதும் அதே இடத்தில் 'ஏக் தஃபா ஏக் ஜங்கல் தா', அதுவும் அவர்கள் இருவரே.

டப்பிங் மேசை:
சரி, பாட்டுக் கணக்கில் அது 6 வருடம் முந்தியது. வசனத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர்களுக்கு: தமிழில் கேள்வி கேட்கும் இடங்களில் குரல் தானாக ஏறுகிறது. இந்தியில் அதே இடங்களில் மெட்டைப் பிடித்துக்கொண்டு போகிறார். ஹெட்போனில் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் கமலின் குரலுக்கு அடியில் அமுங்கிவிடும்.