பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பற்றி, தென்காசியிலிருந்து

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

வேலை ஓய்ந்த பிறகு ஊருக்கே வந்துவிடலாமா, தென்காசி இப்போது எப்படி இருக்கிறது என்று வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் ஊர்க் குழுவில் சிலர் கேட்டிருந்தீர்கள். இங்கேயே குடியிருக்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமானதுதான் பெரிய திருப்பம். முன்பெல்லாம் கலெக்டர் ஆபீஸில் ஒரு மனு கொடுக்க வேண்டுமென்றாலும் திருநெல்வேலிக்கு பஸ் ஏறணும். ஒருநாள் கூலி போச்சு. இப்போது காலையில் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். பெரிய வைத்தியம் என்றால் மட்டும் இன்னமும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கிறது. வயதான காலத்தில் திரும்பி வர நினைப்பவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொல்லம் பாதையில் 2010-ல் நின்ற ரயில் 2018-ல் அகலப் பாதையாகத் திரும்பி வந்தது. சென்னைக்கு வழக்கம்போல பொதிகை இருக்கிறது. காய்கறிக்குப் பாவூர்சத்திரம் சந்தை. ஓணம் நெருங்கினால் லோடெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் போக, இங்கே விலை ஏறிவிடும். ஆனி, ஆடியில் சாரல் மாறவில்லை. துவைத்த துணி மூன்று நாளானாலும் ஈரம் விடாது, ஆனால் மின்விசிறி போடாமல் தூங்கலாம். ஒன்பது மணிக்கு மேல் ரத வீதியில் நடந்தால் கோபுர வாசல் காற்று அப்படியே ஆளைத் தள்ளுகிறது. இந்த அமைதி இன்னும் இருக்கிறது, நம்பி வாருங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. மாவட்டத் தலைநகர் ஆனதும் வேலை மாற்றலில் நிறையக் குடும்பங்கள் வந்திருக்கின்றன. மத்தளம்பாறையில் 2011-ல் தொடங்கிய ஜோஹோ மென்பொருள் கம்பெனியால் படித்த பிள்ளைகளும் இந்தப் பக்கம் தங்குகிறார்கள். எல்லாருக்கும் வாடகை வீடு வேண்டும், கிடைப்பதில்லை. கிடைக்காததால் ஊருக்கு வெளியே நெல் விளைந்த வயலில் மண்ணடித்துக் கல் ஊன்றி மனையாக்குகிறார்கள். சிற்றாற்றுத் தண்ணீர் குளத்துக்குப் போகிற கால்வாய்கள் அந்த மனைகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்கின்றன. ஆனால் ஊருக்குள்ளே தெருவுக்கு நாலு வீடு பூட்டிக் கிடக்கிறது. பாதிக்கு மேல் நம் குழுவில் இருப்பவர்களுடையவை.

போன வாரம் அப்படி ஒரு வீட்டைச் சாவி வாங்கித் திறந்து பார்த்தேன். இரண்டு ஓடு நகர்ந்து, அந்த வழியாகச் சாரல் இறங்கி, பட்டாசல் (கூடம்) சுவர் முழுக்கப் பச்சை பிடித்திருக்கிறது. தேக்கு நிலையின் அடியில் விரலால் அழுத்தினேன். கரையான் மண் மட்டும்தான் இருந்தது, மரம் இல்லை. அடுக்களையில் அம்மி அப்படியே கிடக்கிறது. ஆள் இருந்திருந்தால் ஓடு நகர்ந்த அன்றைக்கே யாராவது ஏறிச் சரிசெய்திருப்பார்கள். அந்த வீட்டைக் கட்டிய பெரியவரை எனக்குத் தெரியும். மனசு தாங்கவில்லை.

நம் காசி விஸ்வநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் பழுது வந்தால் அதை நீக்கிக் காப்பவர்களை இப்போதே பணிகிறேன் என்று கல்லில் வெட்டி வைத்தான். ராஜகோபுரம் ரொம்ப காலம் மொட்டையாக நின்று 1990-ல் முழுசானது உங்களுக்கு நினைவிருக்கும். ஊர்க்காரர்கள் கைகோத்து எழுப்பினார்கள். அந்த அக்கறை நம் வீடுகள் மேலும் வேண்டும்.

வாடகைக்கு விட்டால் காலி பண்ண மாட்டார்கள் என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது, புரிகிறது. தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். கெடு முடிந்தும் ஆள் கிளம்பாவிட்டால் முறையிட வழி இருக்கிறது. வாய்ப்பேச்சோடு விடாதீர்கள், அவ்வளவுதான். வெளிநாட்டில் இருப்பவர்கள் வாடகையை என்.ஆர்.ஓ. கணக்கில் (வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வருமானத்தைப் போட்டு வைக்கும் வங்கிக் கணக்கு) வாங்குங்கள். குடியிருப்பவர் வரி பிடித்துக் கட்ட வேண்டிய விஷயமும் இருக்கிறது. அதை ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று அண்ணன் தம்பிக்குப் பொதுவாக இருக்கும் வீடுகளில்தான் சிக்கல் அதிகம். பாகம் பிரிப்பது பிரிக்கிறபடி பிரியட்டும். அதுவரை ஒருவர் பேரில் அதிகாரம் எழுதிக் கொடுத்தால் வீட்டில் விளக்கு எரியும்.

உங்கள் வீடு எந்தத் தெரு, சாவி யாரிடம், எத்தனை பேர் பங்கு என்று எனக்குத் தனி மடலில் எழுதுங்கள். கொத்தனாரைக் கூட்டிப்போய்ப் பார்த்து, என்ன செலவாகும் என்று படத்தோடு அனுப்புகிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்றிவிட வேண்டும், அதனால் தாமதிக்காதீர்கள்.