புதுப்பிப்பு: பெய்பூவில் ஹக்கா மக்களின் லெய் சா தேநீர்

தைவானின் சின்சூ மாவட்டத்தைச் சேர்ந்த பெய்பூவில், சீன இனக்குழுவினரான ஹக்கா மக்களின் லெய் சா தேநீரை (தேயிலையை எள், வேர்க்கடலையோடு அரைத்துச் செய்யும் பானம்) நாமே அரைத்துக் குடிக்க முடியுமா, அது சைவ உணவு உண்பவர்களுக்கு ஏற்றதா என்று இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

இரண்டுக்கும் விடை ஆம் என்பதே. பழைய தெருவை ஒட்டிய தேநீரகத்தில், உட்புறம் வரிவரியாகக் கீறல் விட்ட மண்சட்டியையும் நீண்ட மர உலக்கையையும் நம் கையிலேயே தந்துவிடுகிறார்கள். தேயிலையை முதலில் தனியாகப் பொடித்து, அதன் பிறகே எள்ளையும் வேர்க்கடலையையும் சேர்க்க வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்த யோசனைதான் கைகொடுத்தது. இடிப்பதை விட்டுவிட்டு, சட்டியின் சுவரோடு அழுத்திச் சுழற்றியதும் எண்ணெய் கசிந்து, விழுது உலக்கையில் ஒட்டத் தொடங்கியது. (தோள் நன்றாகவே வலிக்கும், மாற்றி அரைக்க ஆள் இருந்தால் நல்லது.) கொதிநீர் ஊற்றிக் கலக்கிய பின், குடிக்கும் நேரத்தில் மட்டும் அரிசிப் பொரியைத் தூவுங்கள், முன்னதாகப் போட்டால் ஊறிக் குழைந்துவிடும்.

எதிர்பாராதது சுவைதான். மலேசியாவில் சோறு, கீரை, காய்கறிகளோடு உப்புச் சுவையில் உண்ணும் லெய் சாவை அறிந்தவர்கள் அதையே இங்கே தேடக்கூடாது. எங்களுக்குக் கிடைத்தது கஞ்சிப் பதத்தில் இனிப்பான பானம். மலேசிய வகையில் நெத்திலிக் கருவாடோ உலர்ந்த இறாலோ சேர்ப்பதுண்டு என்பதால், சைவர்கள் அங்கேதான் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.